பண்டைய எகிப்தின் பேறுகாலக் காவல் தெய்வ உருவங்கள்

பண்டைய எகிப்தின் பேறுகாலக் காவல் தெய்வ உருவங்கள் என்பவை, கருவுற்ற பெண்ணையும் பிறக்கும் குழந்தையையும் காக்கும் என எகிப்தியர் நம்பிய தெய்வங்களின் சிறு சிலைகளும் தாயத்துகளும் அவற்றோடு தொடர்புடைய சடங்குப் பொருள்களும் ஆகும். நீர்யானை உடல் கொண்ட தவரெட், சிங்கப் பிடரியும் குறுகிய உடலும் கொண்ட பெஸ், தவளை வடிவிலான ஹெகெட், பேற்றுச் செங்கலின் தெய்வமான மெஸ்கெனெட் ஆகியோர் இவர்களில் முதன்மையானவர்கள். பெரும்பாலான உருவங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவினவை. அரசர்களின் கல்வெட்டுகளிலும் போர்ப் பதிவுகளிலும் இடம்பெறாத சாதாரணப் பெண்களின் அச்சத்தையும் நம்பிக்கையையும் நேரடியாகக் காட்டும் சான்றுகளாக இவை மதிக்கப்படுகின்றன.

பின்னணி

பண்டைய உலகம் முழுவதிலும் போலவே எகிப்திலும் பிள்ளைப்பேறு உயிருக்கு ஆபத்தான நிகழ்வாக இருந்தது. செல்வமும் அரண்மனை மருத்துவர்களும் இருந்தும் அரச குடும்பத்தினர் இந்த ஆபத்திலிருந்து தப்பவில்லை. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமனின் கல்லறையில், சிறு சவப்பெட்டிகளில் பதப்படுத்தி வைக்கப்பட்ட இரண்டு பெண் சிசுக்களின் உடல்கள் கிடைத்தன. ஒன்று குறைமாதச் சிசு. மற்றொன்று நிறைமாதத்தை நெருங்கியது. இவை அரசனின் மகள்களுடையவை எனக் கருதப்படுகிறது. தெய்ர் எல்-பகாரியில் கிடைத்த, மூன்றாம் மெந்துகோதேப்புக்கு முற்பட்ட 11-ஆம் வம்சத்து அரச மகளிருள் ஒருவரான ஹென்ஹெனெட்டுடையது எனக் கருதப்படும் மம்மியில், கடினமான பேற்றினால் ஏற்படும் உட்காயம் கண்டறியப்பட்டது.

எகிப்தியரிடம் மருத்துவ அறிவு இல்லாமல் இல்லை. ஏறத்தாழ கி.மு. 1800-ஐச் சேர்ந்த ககூன் மருத்துவப் பாபிரஸ், பெண்களின் நோய்களையும் கருத்தரிப்பையும் பற்றிப் பேசும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. ஏபர்ஸ் பாபிரஸிலும் பேற்றை விரைவுபடுத்தும் மருந்துகள் கூறப்படுகின்றன. ஆனால் எகிப்தியர் மருந்தையும் மந்திரத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே சுருளில் மூலிகைக் கலவையும் ஓத வேண்டிய மந்திரமும் அடுத்தடுத்து எழுதப்பட்டன. நோயும் சாவும் கண்ணுக்குத் தெரியாத தீய சக்திகளால் வருகின்றன என்று நம்பிய சமூகத்தில், அவற்றை விரட்டும் தெய்வத்தின் உருவமும் மருந்துப் பெட்டியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தவரெட்

தவரெட் என்ற பெயருக்கு 'பெரியவள்' என்பது பொருள். கிரேக்கர் இவளைத் தோயெரிஸ் என அழைத்தனர். இபெட், ரெரெட் என்ற பெயர்களுடைய நீர்யானைத் தெய்வங்களும் இவளுக்கு மிக நெருக்கமானவர்கள். இவளது உருவம் பல விலங்குகளின் கலவை: பெண் நீர்யானையின் தலையும் உடலும், சிங்கத்தின் கைகால்கள், முதலையின் முதுகும் வாலும். இவற்றோடு, பாலூட்டிய பெண்ணின் தொங்கும் மார்பகங்களும் நிறைமாத வயிறும் சேர்ந்திருக்கும். இரண்டு கால்களில் நிமிர்ந்து நின்று, வாயைச் சற்றே திறந்து பற்களைக் காட்டுவாள்.

அச்சுறுத்தும் இந்த உருவத்தைத் தாய்மையின் காவலாகக் கொண்டதற்கான காரணம் நைல் ஆற்றிலேயே இருந்தது. நீர்யானை, முதலை, சிங்கம் மூன்றும் எகிப்தியர் அன்றாடம் அஞ்சிய விலங்குகள். ஆற்றில் படகையே கவிழ்க்கக்கூடிய நீர்யானை, தன் குட்டிக்கு அருகில் எவர் வந்தாலும் தாக்கும். ஆண் நீர்யானை சேத் என்ற தெய்வத்தோடும் குழப்பத்தோடும் தொடர்புபடுத்தப்பட, பெண் நீர்யானையின் இதே சீற்றம் தாயின் பக்கம் நிற்கும் ஆற்றலாகக் கருதப்பட்டது. தீய சக்தியை விரட்ட மென்மையான தெய்வம் போதாது. அதைவிடக் கொடிய தோற்றமுள்ள ஒருத்தி வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

தவரெட்டின் கைகள் பெரும்பாலும் 'சா' என்ற எழுத்துக் குறியின் மேல் ஊன்றியிருக்கும். சுருட்டிக் கட்டிய பாய் அல்லது தக்கை போலத் தோன்றும் இக்குறிக்குக் 'காப்பு' என்பது பொருள். உயிரைக் குறிக்கும் 'அங்க்' குறியும் சில உருவங்களில் உண்டு. தவரெட் வானத்திலும் இடம்பெற்றாள். செனன்முத்தின் கல்லறைக் கூரையிலும் முதலாம் சேத்தியின் கல்லறைக் கூரையிலும் உள்ள விண்மீன் படங்களில், வட வானத்தில் நீர்யானைத் தெய்வம் ஒன்று நிற்கிறது.

இவளது பெரிய சிலைகளில் புகழ்பெற்றது கர்னாக்கில் கிடைத்து, கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ள கருங்கல் சிலை. 26-ஆம் வம்சத்தில், இளவரசி நிதோக்ரிஸின் தலைமைப் பணியாளரான பபாசா இதைக் காணிக்கையாக அளித்தார். ஏறத்தாழ 1 மீட்டர் உயரமுள்ள இச்சிலை, கற்பேழைக்குள் மூடி வைக்கப்பட்டிருந்ததால் மெருகு குலையாமல் உள்ளது. ஆயினும் இத்தகைய பெரிய சிலைகள் அரிது. தவரெட்டின் உண்மையான இடம் கோயில் கருவறை அல்ல. வீட்டு மாடமும் பெண்ணின் கழுத்துச் சரடுமே.

பெஸ்

பெஸ் குறுகிய கால்களும் பெரிய தலையும் கொண்ட ஆண் தெய்வம். சிங்கத்தின் காதும் பிடரியும் உடையவர். நாக்கை வெளியே நீட்டியிருப்பார். எகிப்தியக் கலையில் மனிதரும் தெய்வங்களும் பக்கவாட்டு முகத்தோடு வரையப்படுவதே வழக்கம். பெஸ் மட்டும் பெரும்பாலும் பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்குகிறார். வாசலில் நின்று, உள்ளே வரும் தீமையை முறைத்து விரட்டுபவர் என்பதால் இந்த நேர்முகம் பொருத்தமானது.

மத்தியகால இராச்சியத்தில் இவரை ஒத்த உருவம் 'அகா' எனப்பட்டது. இதற்குப் 'போராளி' என்பது பொருள். கைகளில் பாம்புகளை நெரித்துப் பிடித்தபடி இவர் காட்டப்பட்டார். புது இராச்சியத்திலிருந்து பெஸ் உருவங்களின் தலையில் உயர்ந்த இறகு முடி தோன்றுகிறது. கைகளில் கத்தியோ கைப்பறையோ இருக்கும். ஓசையும் ஆட்டமும் தீய சக்திகளை ஓட்டும் என நம்பியதால், இசைக்கும் நடனத்துக்கும் உரிய தெய்வமே பேற்றறையின் காவலராகவும் இருப்பதில் முரண் இல்லை.

பெஸ்ஸின் உருவம் சிலைகளோடு நிற்கவில்லை. கட்டில் கால்கள், தலையணைத் தாங்கிகள், கண்மைக் குடுவைகள், கண்ணாடிப் பிடிகள் ஆகியவற்றிலும் அது செதுக்கப்பட்டது. 1905-இல் அரசர்களின் சமவெளியில் திறக்கப்பட்ட யுயா, துயு தம்பதியரின் கல்லறையில் கிடைத்த இளவரசி சித்தாமுனின் நாற்காலியில் பெஸ், தவரெட் இருவரும் உள்ளனர். தெய்ர் எல்-மதீனாவில் வாழ்ந்த பெண்கள் சிலரின் கீழ் முதுகில் பெஸ்ஸைக் காட்டும் பச்சை குத்தப்பட்டிருந்ததை 2022-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. பேற்றுவலி தொடங்கும் இடத்திலேயே காவல் தெய்வம் பொறிக்கப்பட்டிருந்தது குறிப்பிடத்தக்கது.

ஹெகெட்டும் மெஸ்கெனெட்டும்

நைல் வெள்ளம் வடியும்போது சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிப்படும் தவளைகள், எகிப்தியருக்கு உயிர்ப் பெருக்கத்தின் அடையாளமாயின. தவளைத் தெய்வமான ஹெகெட், பேற்றின் இறுதிக் கட்டத்தைக் காப்பவள். குயவரின் சக்கரத்தில் மனிதரை வனையும் குனூம் தெய்வத்தோடு இவள் சேர்த்துச் சொல்லப்படுகிறாள். தெய்ர் எல்-பகாரியில் உள்ள ஹட்செப்சுட்டின் பிறப்புக் காட்சியில், கருவுற்ற அரசியைக் குனூமும் ஹெகெட்டும் பேற்றறைக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்குள்ள பேற்றுக் காட்சியில் பெஸ்ஸும் தவரெட்டும் இடம்பெறுகின்றனர்.

மெஸ்கெனெட், பெண்கள் பிள்ளை பெறும்போது குந்தி அமர்ந்த செங்கற்களின் தெய்வம். பெண் முகம் கொண்ட செங்கல்லாகவோ, தலையில் தனிச் சின்னம் தாங்கிய பெண்ணாகவோ இவள் காட்டப்படுவாள். பிறக்கும் குழந்தையின் ஊழை வகுப்பவளும் இவளே.

வெஸ்ட்கார் பாபிரஸில் உள்ள கதை ஒன்று இத்தெய்வங்கள் பணியாற்றும் முறையைக் காட்டுகிறது. ரா தெய்வத்தின் பூசாரியின் மனைவி ருத்தெதெட் மூன்று குழந்தைகளைச் சுமந்து வலியில் துடிக்கிறாள். ஐசிஸ், நெப்திஸ், மெஸ்கெனெட், ஹெகெட் ஆகிய நால்வரும் ஆடல் மகளிராக வேடமிட்டு வருகின்றனர். குனூம் அவர்களின் சுமைதூக்கியாக வருகிறார். பேறு பார்க்கத் தெரியும் என்று சொல்லி உள்ளே சென்று கதவை அடைத்துக்கொள்கின்றனர். ஐசிஸ் முன்னால் நின்று குழந்தையை ஏந்த, நெப்திஸ் பின்னால் தாங்க, ஹெகெட் பேற்றை விரைவுபடுத்துகிறாள். பிறந்த குழந்தையைக் கழுவித் தொப்புள் கொடியை அறுத்த பின் மெஸ்கெனெட் அதன் எதிர்காலத்தைச் சொல்கிறாள். அம்மூன்று குழந்தைகளும் 5-ஆம் வம்சத்தின் முதல் அரசர்கள் என்பது கதை. வேடத்தை நீக்கிப் பார்த்தால், முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியுமாக நின்று பேறு பார்த்த எகிப்திய மருத்துவச்சிகளின் நடைமுறையே இதில் பதிவாகியுள்ளது. கதையின் முடிவில் ருத்தெதெட் 14 நாள் தீட்டுக் கழிக்கிறாள்.

அபிதோஸ் பேற்றுச் செங்கல்

பேற்றுச் செங்கற்கள் பற்றி நூல்களில் குறிப்புகள் இருந்தும், நெடுங்காலம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2001-இல் தெற்கு அபிதோஸில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் வெக்னர் தலைமையிலான குழு, நகரத் தலைவரின் மாளிகையில் ஒரு செங்கல்லைக் கண்டெடுத்தது. ஏறத்தாழ 35 செ.மீ. நீளமும் 17 செ.மீ. அகலமும் கொண்ட, சுடாத மண் செங்கல் அது. காலம் ஏறத்தாழ கி.மு. 1750 முதல் 1700 வரை.

அதன் ஒரு பக்கத்தில், இருக்கையில் அமர்ந்த தாய் பிறந்த ஆண் குழந்தையை ஏந்தியிருக்கிறாள். முன்னும் பின்னும் பெண்கள் உள்ளனர். இருபுறமும் ஹதோர் தெய்வத்தின் முகம் தாங்கிய கொடிக்கம்பங்கள் நிற்கின்றன. பெண்களின் கூந்தல் தெய்வங்களுக்குரிய நீல நிறத்தில் தீட்டப்பட்டுள்ளது. பிள்ளை பெறும் பெண் அந்நேரத்தில் ஹதோராகவே மாறுகிறாள் என்ற நம்பிக்கையை இந்நிறம் உணர்த்துகிறது. செங்கல்லின் ஓரங்களில் காவல் விலங்குகளின் உருவங்கள் உள்ளன.

பேற்றுத் தந்தங்கள்

செங்கல் ஓரத்தில் உள்ள அதே உருவங்கள் மத்தியகால இராச்சியத்தின் தந்தக் கருவிகளிலும் காணப்படுகின்றன. நீர்யானையின் வளைந்த கீழ்க் கோரைப்பல்லை நீளவாக்கில் பிளந்து செய்யப்பட்ட இவற்றைப் பழைய ஆய்வாளர்கள் 'மந்திரக் கோல்' என்றனர். இப்போது 'பேற்றுத் தந்தம்' என்ற பெயர் பரவலாக வழங்குகிறது. நீர்யானைத் தெய்வம், அகா, தவளை, சிங்கம், பாம்பு, கால் முளைத்த சூரிய வட்டு முதலியன கத்தி ஏந்தி வரிசையாகச் செல்வதுபோல் செதுக்கப்பட்டுள்ளன. தாயின் பெயரோ குழந்தையின் பெயரோ குறித்து, அவரை இரவும் பகலும் காப்பதாகக் கூறும் எழுத்துகள் சிலவற்றில் உண்டு.

பல தந்தங்களின் முனை தேய்ந்துள்ளது. தாயும் சேயும் படுத்திருக்கும் இடத்தைச் சுற்றித் தரையில் காப்பு வட்டம் வரைந்ததால் இத்தேய்வு ஏற்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். உடைந்த பின் துளையிட்டுக் கட்டிச் சரிசெய்யப்பட்ட தந்தங்களும் உள்ளன. ஒரு பேற்றோடு தூக்கி எறியப்படாமல், அவை மீண்டும் மீண்டும் பயன்பட்டன என்பதை இது காட்டுகிறது.

செய்முறையும் பொருளும்

தாயத்து உருவங்களில் பெரும்பாலானவை ஃபையான்ஸ் எனப்படும் பொருளால் ஆனவை. பொடித்த குவார்ட்ஸ் அல்லது மணலோடு சிறிது சுண்ணாம்பும், நேட்ரான் உப்பும் அல்லது தாவரச் சாம்பலும் கலந்து பிசைவர். செம்புச் சேர்மம் சேர்த்தால் நீலப் பச்சை நிறம் வரும். இக்கலவையைச் சுடுமண் அச்சில் அழுத்தி எடுத்து உலர்த்தும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்து படியும். சூளையில் சுட்டதும் அது கண்ணாடி போன்ற மெருகாகும். எகிப்தியர் இப்பொருளை 'ஒளிர்வது' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். நீலப் பச்சை அவர்களுக்குத் தளிரின் நிறம், நீரின் நிறம், மீண்டும் பிறத்தலின் நிறம்.

ஓர் அச்சிலிருந்து ஏராளமான உருவங்களை எடுக்க முடிந்ததால் அவை மலிவாகக் கிடைத்தன. வசதி படைத்தவர்கள் பொன், நீலக்கல், சிவப்பு மணிக்கல் ஆகியவற்றில் செய்து அணிந்தனர். உருவத்தின் பின்புறத்தில் அல்லது தலைக்கு மேல் உள்ள சிறு துளை, அது நூலில் கோத்து அணியப்பட்டதைக் காட்டும்.

பயன்படுத்திய முறை

இவ்வுருவங்கள் பார்வைக்கு வைத்தவை மட்டுமல்ல, சடங்கில் கையாளப்பட்டவை. லெய்டன் அருங்காட்சியகத்தில் உள்ள பாபிரஸ் ஒன்று, கடினமான பேற்றின்போது களிமண்ணால் செய்த குள்ள உருவத்தைப் பெண்ணின் நெற்றியில் வைத்து, நான்கு முறை மந்திரம் ஓத வேண்டும் என்கிறது. பெர்லினில் உள்ள மற்றொரு பாபிரஸ், தாய்க்கும் சேய்க்குமான மந்திரங்களின் தொகுப்பு. குழந்தையின் கழுத்தில் கட்டவேண்டிய மணிகளையும் முடிச்சுகளையும் பற்றி அது பேசுகிறது. பேற்றோடு காவல் முடியவில்லை. பால்குடி மறக்கும் வரை குழந்தையின் உயிர் உறுதியற்றது என்பதை எகிப்தியர் அறிந்திருந்தனர்.

ககூனில் பிளிண்டர்ஸ் பெட்ரி நடத்திய அகழ்வில், ஒரு வீட்டில் சிங்க முகமுள்ள பெண்ணின் மரச் சிற்றுருவம் கிடைத்தது. அவ்வூரிலேயே முகத்தில் அணியத்தக்க பெஸ் வடிவ முகமூடி ஒன்றும் கிடைத்தது. எனவே, யாரோ ஒருவர் அத்தெய்வமாக வேடமிட்டுச் சடங்கு நடத்தியிருக்கலாம். வெஸ்ட்கார் கதையில் தெய்வங்கள் மனிதராக வேடமிட்டன. ககூனில் மனிதர் தெய்வமாக வேடமிட்டனர்.

தெய்ர் எல்-மதீனா தொழிலாளர் குடியிருப்பில், வீடுகளின் முன்னறையில் படிக்கட்டுடன் கூடிய செங்கல் மேடைகள் இருந்தன. அவற்றில் சிலவற்றின் சுவரில் பெஸ் ஓவியம் உள்ளது. இவை பிள்ளைப்பேற்றுக்கான மேடைகள் என்றும், வீட்டுப் பூசைக்கான இடங்கள் என்றும் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அங்கு கிடைத்த ஓட்டுச் சில்லுகளில், கொடி படர்ந்த பந்தலின் கீழ் தாய் குழந்தைக்குப் பாலூட்டும் காட்சி வரையப்பட்டுள்ளது.

அமர்னா காட்டும் உண்மை

பாரோ அக்கெனதென், கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் சூரிய வட்டான ஏதெனை முதன்மைப்படுத்தி, அமுன் உள்ளிட்ட தெய்வங்களின் பெயர்களைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி நீக்கச் செய்தார். அவர் கட்டிய தலைநகரான அமர்னாவின் கோயில்களில் வேறு தெய்வங்களுக்கு இடமில்லை. ஆனால் அதே நகரின் வீடுகளில் பெஸ், தவரெட் தாயத்துகளும் அவற்றை வார்க்கும் அச்சுகளும் கிடைத்துள்ளன. தொழிலாளர் குடியிருப்பின் வீட்டுச் சுவரிலும் ஆடும் பெஸ் உருவங்களும் தவரெட்டும் வரையப்பட்டிருந்தன. ஏதெனின் கதிர்கள் அரச குடும்பத்துக்கு உயிரளிப்பதாகச் சிற்பங்கள் காட்டின. ஆனால் இரவில் வலி கண்ட பெண்ணுக்கு அருகில் நிற்க அத்தெய்வத்துக்கு உருவமே இல்லை. அரசாணையால் மாற்ற முடிந்ததும் மாற்ற முடியாததும் எவை என்பதை இச்சிறு பொருள்கள் எடுத்துக்காட்டுகின்றன.

எகிப்துக்கு வெளியேயும் பிற்காலத்திலும்

கடல் வணிகம் இவ்வுருவங்களைத் தொலைவுக்குக் கொண்டு சென்றது. கிரீட் தீவின் மினோவ நாகரிகத்தில் காணப்படும், நீர்க்குடம் ஏந்திய விலங்குத் தெய்வ உருவம், தவரெட்டிலிருந்து தோன்றியது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பினீசியர் பெஸ்ஸை மத்தியதரைக் கடல் முழுவதும் பரப்பினர். இபிசா தீவின் பெயர் பெஸ்ஸின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. அத்தீவின் பழைய நாணயங்களிலும் அவரது உருவம் உண்டு.

எகிப்தில் கிரேக்க, உரோமர் காலத்திலும் இவ்வழிபாடு தொடர்ந்தது. தெந்தேரா, எட்பு, பிலே கோயில்களில் தெய்வக் குழந்தையின் பிறப்பைக் கொண்டாடும் 'பிறப்பு இல்லங்கள்' கட்டப்பட்டன; அவற்றின் தூண் உச்சிகளில் பெஸ் இடம்பெற்றார். பெஸ் முகம் கொண்ட தாலமி காலக் குவளை ஒன்றில் படிந்திருந்த எச்சங்களை ஆராய்ந்த 2024-ஆம் ஆண்டு ஆய்வு, தேன், நீல அல்லி, மயக்கம் தரும் தாவரப் பொருள்கள் முதலியன கலந்த பானத்தின் தடயங்களைக் கண்டது. கருவுற விரும்பியோரின் சடங்குகளோடு இக்குவளை தொடர்புடையதாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். அபிதோஸில் பெஸ் குறி சொல்லும் தலமும் இருந்தது. கி.பி. 359-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்தில், அங்கு அனுப்பப்பட்ட மனுக்கள் அரச விசாரணைக்கு உள்ளானதை வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் பதிவு செய்துள்ளார்.

ஆய்வுக் கருத்துகளின் மாற்றம்

தொடக்ககாலத் தொல்லியலாளர்கள் கோயில்களுக்கும் அரச கல்லறைகளுக்கும் அளித்த கவனத்தை வீட்டுப் பொருள்களுக்கு அளிக்கவில்லை. தாயத்துகள் மூடநம்பிக்கையின் எச்சங்களாக ஒதுக்கப்பட்டன. கல்லறைகளில் கிடைத்த ஆடையற்ற பெண் சிற்றுருவங்கள், இறந்த ஆணுக்கான 'காமக்கிழத்தியர்' என விளக்கப்பட்டன. ஆனால் அத்தகைய உருவங்கள் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் கல்லறைகளிலும், வீடுகளிலும், ஹதோர் கோயில் காணிக்கைகளிலும் கிடைத்தபோது அவ்விளக்கம் வலுவிழந்தது. இன்று அவை கருவளம், பிறப்பு, மறுபிறப்பு ஆகியவற்றோடு தொடர்புபடுத்திப் புரிந்துகொள்ளப்படுகின்றன. பேற்றுத் தந்தங்கள், செங்கல், தாயத்துகள், மந்திர நூல்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்ததே இம்மாற்றத்துக்கு உதவியது.

எகிப்தியப் பெண்களில் எழுதத் தெரிந்தோர் மிகச் சிலர். தம் பேறுகாலத்தைப் பற்றி அவர்கள் எழுதிவைத்த குறிப்பு எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. அந்த இடத்தை நிரப்புபவை தேய்ந்த தந்த முனையும், உடைந்து மீண்டும் கட்டப்பட்ட கருவியும், நூல் கோத்த துளையுள்ள நீல நீர்யானையும்தான்.